வேலையை விடச் சொல்பவர்கள் நம் கடையில் சாப்பிட வருவார்களா?

சென்ற மாதம் திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தொழில்முனைவோர் கூட்டம் நடந்தது. கோட்டு போட்ட ஒருவர் வந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். மாதச் சம்பளம் ஒரு போதை என்றார். துணிந்தவன் வேலையை விடுவான், பயந்தவன் ஓய்வூதியத்துக்குக் காத்திருப்பான் என்றார். வேலை தேடாதே, வேலை கொடு என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. வெளியே வந்ததும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். ஒரு மாணவி கேட்டாள்: "அண்ணா, அவர் சொல்றது சரிதானே? எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கிட்ட கைகட்டி நிக்கிறது?"

கேள்வி நியாயமானது. யாரிடமும் கைகட்டி நிற்கக் கூடாது என்பதுதான் நம் அரசியலே. ஆனால் அந்தப் பேச்சாளர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை அன்று அந்த வாசலில் நின்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

வேலையை விடுவது துணிச்சல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது முதல் பொய். துணிச்சலைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஊர்த் தெருவில் செருப்பு போட்டு நடந்ததும், குளத்தில் தண்ணீர் மொண்டதும், தேநீர்க் கடையில் தனிக்குவளையை உடைத்ததும் துணிச்சல் இல்லாதவர்கள் செய்த வேலையா? வேலையை விடுவதற்கு வேண்டியது விழுந்தால் தாங்குவதற்கு ஓர் இடம். அப்பாவின் கடை, மாமாவின் மண்டி, தாத்தாவின் நிலம், அண்ணனின் ஜாமீன் கையெழுத்து. இவையெல்லாம் உள்ளவன் வேலையை விட்டால் அது ஒரு முயற்சி. தோற்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். நம் வீட்டுப் பிள்ளை வேலையை விட்டால் தங்கையின் கல்லூரிக் கட்டணமும், அம்மாவின் சர்க்கரை மாத்திரையும், மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையும் சேர்ந்து நிற்கின்றன. ஒருவரின் சம்பளம்தான் அந்த வீட்டுக்கு நிலம், ஜாமீன், காப்பீடு எல்லாம்.

நிலம் ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி, அதன் பேரில் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலமே கை மாறிப் போனது. இன்று வங்கி மேலாளர் "அடமானத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்கும்போது, பறிபோன அந்தப் பட்டாவைத்தான் நம்மிடமே கேட்கிறார்.

எங்கள் தோழர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒன்பது ஆண்டுகள் வேலைக்குப் போனவர். அந்த வேலையும் கல்லில் பொறித்த வேலை இல்லை. 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதை இந்த வட்டாரம் கண்ணால் பார்த்தது. "அவன் அனுப்புறதுக்கு முன்னாடி நானே வந்துடறேன்" என்று சொல்லித்தான் நம் தோழர் வந்தார். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, துணைவியாரின் நகை மூன்றையும் சேர்த்துத் திருத்தணியில் ஒரு மெஸ் போட முடிவு செய்தார்.

ஊர் அதற்கு ஏற்ற ஊர்தான். மலைமேல் முருகன், 365 படிகள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டம், டிசம்பர் 31 படித் திருவிழா. சென்னைக்கு ரயில், திருப்பதிக்குப் பேருந்து. சாப்பாட்டுக்கு ஆளில்லாத நாளே கிடையாது. கடைக்கு இடம் தேடியபோதுதான் தெரிந்தது, பசிக்குச் சாதி இல்லை, வாடகைக்கு உண்டு என்று. தொலைபேசியில் சம்மதித்த கட்டட உரிமையாளர் நேரில் கேட்டது இரண்டு கேள்வி. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" மறுநாள் "வீட்டுல பெரியவங்க ஒத்துக்கல தம்பி" என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இப்படி நாலு இடம். கடைசியில் ஒரு இசுலாமியப் பெரியவர் சந்துக்குள் இருந்த தன் கடையைக் கொடுத்தார்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் நம் பாதி உறவு அந்தப் பக்கம். இடம் கிடைக்காமல் அலைந்தபோது, நகரியில் கடை போடலாமா என்றும் தோழர் யோசித்தார். அங்கே போனால் ஆந்திர அரசின் திட்டங்களுக்கு நம் சாதிச் சான்றிதழ் செல்லாது. சாதி மட்டும் சோதனைச் சாவடியில் நிற்காமல் கூடவே வரும். இங்கே ஆதிதிராவிடர், அங்கே மாலா. தெலுங்கிலும் அந்த இரண்டு கேள்விதான்.

கடை திறந்த பிறகு அடுத்தது சரக்கு. புதிதாகக் கடை போடும் எவரும் கையில் காசு வைத்துக்கொண்டு அரிசி வாங்குவதில்லை. மண்டியில் பற்று எழுதி, பதினைந்து நாள் கழித்துக் கொடுப்பார்கள். வட்டி இல்லாத அந்தக் கடன்தான் சிறு வியாபாரத்தின் உயிர். அது எந்தத் திட்டத்திலும் இல்லை, சொந்தபந்தத்தில் இருக்கிறது. "நம்ம பையன்" என்ற சொல்லில் இருக்கிறது. நம் தோழர் யாருக்கும் "நம்ம பையன்" இல்லை. அவருக்கு மட்டும் ரொக்கம். ரொக்கத்துக்குத் தண்டல். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்கிக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். பக்கத்துக் கடைக்காரர் வட்டியில்லாமல் வாங்கும் அதே அரிசியை, அதே விலைக்கு இவர் சோறாக்கி விற்க வேண்டும். பிறகு "அவங்களுக்கு வியாபாரம் வராதுங்க" என்பார்கள்.

இது திருத்தணிச் சந்தில் மட்டும் நடப்பதா? மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் வெளியிட்ட 2015-16 மாதிரி ஆய்வுக் கணக்கைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. குறுந்தொழில்களில் உரிமையாளராக நாம் 12.48. சிறு தொழில்களில் 5.50. நடுத்தரத் தொழில்களில் 0.00. அச்சுப் பிழை இல்லை, சுழியம்தான். தள்ளுவண்டியும் பெட்டிக்கடையும் போடும்வரை நம்மை விடுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் படியில் ஆளே இல்லை. திருத்தணி மலைக்கு 365 படி. இந்த மலைக்கு நமக்கு ஒரு படிதான்.

படித்துத் திறமை வளர்த்துக்கொண்டால் சாதி தெரியாது என்கிறீர்களா? புரட்சியாளர் அம்பேத்கரைவிடப் படித்தவர் யார்? கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசின் வேலைக்குப் போனார். தங்க இடம் தரவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் திரும்பினார். பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆம் தோழர்களே, அண்ணலும் சொந்தத் தொழில் தொடங்கியவர்தான். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுபோனார்கள். நிறுவனம் மூடப்பட்டது. ஆலோசனையில் குறையில்லை, ஆலோசகரின் பிறப்பில் குறை கண்டார்கள். 1918 நவம்பரில் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர் வேலையில் சேர்ந்தார். அங்கும் உடன் பணிபுரிந்தோர் ஒரே பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை எதிர்த்தார்கள். ஆனாலும் சம்பளம் வந்தது. அதில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் சேர, 1920இல் படிப்பை முடிக்க மீண்டும் லண்டன் போனார். மாதச் சம்பளம் போதை என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அதே சாகு மகராஜின் கோலாப்பூரில் இன்னொரு கதை உண்டு. நமக்கு வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது. கங்காராம் காம்ப்ளே என்ற மகர் சமூகத்தவர் அரண்மனை லாயத்தில் வேலை பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று உடன் வேலை செய்த சாதி இந்துக்கள் அவரை அடித்தார்கள். முறையிட்டவருக்குச் சாகு மகராஜ் பண உதவி செய்து சொந்தமாகத் தேநீர்க் கடை வைக்கச் சொன்னார். கடை வந்தது. சத்திய சுதாரக் ஓட்டல் என்று பெயர். வாடிக்கையாளர்தான் வரவில்லை. தீண்டத்தகாதவன் போட்ட தேநீரை எவன் குடிப்பான்? செய்தி மன்னருக்குப் போனது. அவர் கங்காராமுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. பரிவாரத்தோடு அந்தக் கடைக்கே வந்து தேநீர் குடித்தார். தன்னிடம் காரியமாக வந்த உயர்சாதியாரையும் அங்கேயே வரவழைத்தார். மன்னர் குடிக்கும் தேநீரை மறுக்க முடியுமா? கடை நிலைத்தது.

நூறாண்டுக்கு முன் ஒரு மன்னருக்குப் புரிந்தது இதுதான்: பணம் கொடுத்தால் கடை திறக்கும், வாங்குவதற்கு ஆள் வந்தால்தான் கடை நிற்கும். இன்றைய மன்னர் யார்? அரசு. இந்த நாட்டிலேயே பெரிய வாடிக்கையாளர் அரசுதான். அது நம் கடைக்கு வருகிறதா? 2012 முதல் நடைமுறையில் உள்ள பொதுக் கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டை எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். இலக்கில் பாதியைக்கூட நெருங்காமல் ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. இந்த மன்னர் கடை வைக்கச் சொல்லிவிட்டு, தேநீரை வேறிடத்தில் குடிக்கிறார்.

கடனாவது வந்ததா? 2016 ஏப்ரல் 5இல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் தொடங்கியது. 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன். ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு எஸ்.சி. அல்லது எஸ்.டி.க்கும் ஒரு பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. அன்று கணக்கில் காட்டிய கிளைகள் 1.25 லட்சம். ஏழு ஆண்டு முடிவில், 2023 மார்ச்சில், எஸ்.சி. கணக்குகள் 26,889, எஸ்.டி. கணக்குகள் 8,960. இரண்டும் சேர்த்து 36 ஆயிரத்துக்கும் குறைவு. மகளிர் பிரிவில் நம் பெண்கள் சிலர் சேர்ந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஏழு ஆண்டில் கிளைக்கு ஒருவர் என்ற கணக்குக்கு இது எங்கே, அது எங்கே? அதே காலத்தில் அரசு வேலைகள் ஒப்பந்தமாகவும் வெளிமுகமையாகவும் மாறின. பி.எஸ்.என்.எல். ஒன்றில் மட்டும் 2020 ஜனவரி 31 அன்று 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். இடஒதுக்கீடு உள்ள இடங்கள் சுருங்கும் நேரத்தில்தான், இடஒதுக்கீடு இல்லாத சந்தைக்குப் போ என்ற அறிவுரை சத்தமாகக் கேட்கிறது. இரண்டும் தற்செயலாக ஒன்றாக வந்தன என்று நாம் நம்ப வேண்டுமாம்.

இன்னொரு பக்கம், நம்மில் நாலு பேர் கோடீசுவரர் ஆனால் சாதி ஒழிந்துவிடும் என்று பேசும் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் டல்சா நகரில் கிரீன்வுட் என்று கறுப்பின மக்களின் பகுதி இருந்தது. சொந்தக் கடைகள், உணவகங்கள், திரையரங்கு, மருத்துவமனை என்று செழித்திருந்தது. 1921 மே 31, ஜூன் 1 இரண்டு நாளில் வெள்ளைக் கும்பல் முப்பதுக்கும் மேற்பட்ட தெருத்தொகுதிகளை எரித்துச் சாம்பலாக்கியது. அரசியல் பலம் இல்லாத செல்வம் ஒரே இரவில் எரியும். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டுமே நமக்கு எதிரிகள் என்று 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் அண்ணல் சொன்னதையும் மறக்க வேண்டாம். நம் ஆள் முதலாளியாகி, நம் பிள்ளைகளுக்கே குறைந்தபட்சக் கூலி கொடுக்காவிட்டால் அந்தக் கடை வாசலிலும் நாம் கொடி பிடிப்போம்.

அப்படியானால் தொழிலே வேண்டாமா? வேண்டும். நாம் வேண்டாம் என்றால் 0.00 அப்படியே இருக்கும். போவதானால் உரிமையோடும் கூட்டமாகவும் போவோம் என்கிறோம். தனி மனிதனின் தைரியத்தை நம்பிப் போகாதே என்கிறோம்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தாமாகத் தள்ளுபடி செய்ய முடியாது. மேல்நிலை அதிகாரிதான் நிராகரிக்கலாம், காரணத்தையும் எழுத வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே. "அப்புறம் வாங்க" என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. 35 விழுக்காடு மூலதன மானியம், 1.5 கோடி வரை. 6 விழுக்காடு வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மதம் மாறிய நம் கிறித்தவச் சகோதரர்களுக்கு 1950 ஆணையின் பெயரால் பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்படுவது தனிக் கொடுமை. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். நம்மோடு வியாபாரம் செய்யக் கூடாது என்று எவரேனும் கட்டுப்பாடு போட்டால் அது பொருளாதாரப் புறக்கணிப்பு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். திருத்தணி வட்டத்தில் உள்ள ஒவ்வொரு பொதுத்துறை வங்கிக் கிளைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ஸ்டாண்ட் அப் இந்தியாவில் 2016 முதல் எத்தனை எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பம் வந்தது, எத்தனைக்குக் கடன் கொடுத்தீர்கள், எத்தனையை எந்தக் காரணத்துக்காக நிராகரித்தீர்கள்? பத்து ரூபாய் செலவு. அடுத்து, அரசு மருத்துவமனை, ஆதிதிராவிடர் நல விடுதிகள், நகராட்சி, மலைக்கோயில் அன்னதானம், இவற்றுக்கு அரிசியும் காய்கறியும் யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். பதில்களைச் சேர்த்து வைத்தால் அதுவே நம் அடுத்த போராட்டத்தின் துண்டறிக்கை.

கடைசியாக, எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தோழர் கடை திறந்த அன்று கல்லாவுக்கு மேலே அம்பேத்கர் படம் மாட்டினார். இரண்டு மாதத்தில் வியாபாரம் இறங்கியது. "படத்தை எடுத்துட்டா கூட்டம் வரும்" என்று பக்கத்துக் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு சொன்னார். ஒரு நாள் நாங்கள் போனபோது படம் சமையல்கட்டுக்குள் இருந்தது. நாங்கள் சண்டை போட்டோம். சுயமரியாதையை விற்றுச் சோறு விற்கிறாயா என்று கேட்டோம். அவர் எதுவும் பேசவில்லை. காலை மூன்றரைக்கே அடுப்பு மூட்டும் அவர் துணைவியார்தான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து கேட்டார்: "போன மாசம் உங்க மாநாட்டுக்கு இருநூறு பொட்டலம் எங்க வாங்குனீங்கண்ணே?"

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய கடையில் வாங்கியிருந்தோம். பத்து ரூபாய் குறைவு என்பதற்காக. பற்றில் அரிசி வாங்குகிறவனால் பத்து ரூபாய் குறைத்துக் கொடுக்க முடியும் என்பது அன்று எங்கள் மண்டையில் ஏறவில்லை. ஊர் அவரைப் புறக்கணித்ததைப் பற்றிப் பேசத் தெரிந்த எங்களுக்கு, நாங்களும் அந்தப் பட்டியலில் இருப்பது தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்களுக்கு அங்கேதான் சாப்பாடு. கொடுப்பது ரொக்கம், அதுவும் முன்பணம். பதினோரு குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஐந்நூறு போட்டு ஒரு பொதுப் பணம் வைத்திருக்கிறோம். தோழருக்குத் தண்டல் நின்றது. கடை இன்னும் தடுமாறித்தான் நிற்கிறது. ஆடிக் கிருத்திகையில் சம்பாதிப்பது மார்கழி வரை வரவில்லை. ஆனால் படம் மீண்டும் கல்லாவுக்கு மேலே வந்துவிட்டது. அதை மாட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவரே மாட்டினார்.

ஆக, அந்த மாணவிக்கு எங்கள் பதில் இதுதான் தங்கையே. கிடைக்கிற அரசு வேலையை, இடஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்காதே. அது நம் பாட்டன்கள் சிந்திய இரத்தம். தொழில் தொடங்குவதானால் தனியாகத் தொடங்காதே. தொடங்கியவர் உன் ஊரில் இருந்தால் இன்றைக்கே அந்தக் கடைக்குப் போய்ச் சாப்பிடு. அடுத்த முறை கோட்டு போட்டவர் வந்து வேலையை விடு என்றால், எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேள்:

"விடறோம் சார். நாங்க கடை போட்டா நீங்க சாப்பிட வருவீங்களா?"

ஜெய்பீம்.